எங்கள் மலையில் ஓடும் வண்டிக்கு எங்கள் கணக்கு: ஒரு கொள்கைப் பிரகடனம்

பதுளையிலும் ஹாலி எலையிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலத் தோட்டங்களிலும், பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை மலைகளிலும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். அந்த வண்டிகளுக்கு அடியில் படுத்துத் திருத்துகிறவர்களும், விடிய முன்பே பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். இந்த மலையில் எந்த வண்டியை நம்பலாம்? இந்தக் கேள்விக்கு இந்த மலையில் ஓடிய வண்டிகளை எண்ணிப் பதில் சொல்ல வேண்டும். எண்ணிய விதத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அந்தப் பதிலை எவரும் காசு கொடுத்து மாற்ற முடியாமல் இருக்க வேண்டும். எங்கள் நோக்கம் இவ்வளவுதான்.

லயத்து வீடும் அது நிற்கும் காணியும் எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஒரு தொழிலாளிக் குடும்பம் தன் பெயரில் எழுதி வைத்துக்கொள்ளும் முதல் பெரிய சொத்து பெரும்பாலும் ஓர் ஆட்டோதான். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் அதைப் பெற்றவர்கள் நாங்கள். 2024இல் அது 1,350 ரூபா ஆனது. அதில் மிச்சம் பிடித்தது, கொழும்புக் கடையில் நிற்கும் மகன் அனுப்பியது, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பியது, காதில் கிடந்ததை அடகு வைத்தது எல்லாம் சேர்ந்துதான் முற்பணம். மிச்சம் லீசிங். வண்டி கராஜில் ஒரு மாதம் கிடந்தாலும் லீசிங் தவணை நிற்காது. தவணைகள் தொடர்ந்து தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். குடும்பத்தின் பல வருட உழைப்பைப் போடும் இந்த முடிவுக்கு எங்களிடம் இருக்கும் தகவல் என்ன? விற்பவரின் சொல், பக்கத்து லயத்து அண்ணனின் அனுபவம், விளம்பரத் தாளில் இருக்கும் நட்சத்திரங்கள். அவ்வளவுதான்.

ரயில் 1924இல் பதுளைக்கு வந்தது. தோட்டத்துக்குள் அது வராது. பிரசவ வலி எடுத்த பெண்ணை இரவில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது தோட்டத்து லொறியோ, யாரோ ஒருவரின் ஆட்டோவோ, வேனோதான். ஆம்புலன்ஸ் சேவை வந்த பிறகும், அது மேலேறி வர முடியாத டிவிசன்களில் நிலைமை மாறவில்லை. பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். லொறி வழியில் நின்றால் சாக்கில் அடைபட்ட கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், தேயிலையின் தரம் விழும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் ஊவாத் தேயிலைக்குக் கிடைக்கும் தனி மணத்துக்காகத்தான் உலகம் விலை கொடுக்கிறது. அந்த மாதங்களில் நின்றுபோகும் ஒரு லொறியால் தோட்டம் முழுவதும் நட்டப்படுகிறது. ஒரு வண்டியை நம்பலாமா என்று நாங்கள் கேட்கும்போது இவ்வளவையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறோம்.

உலகில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், சிலர் நேர்மையாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அவர்களை மதிக்கிறோம். அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 1936இல் நுகர்வோர் சங்கமாகத் தொடங்கியது. அது விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது. ஒவ்வொரு ஆண்டும் தன் உறுப்பினர்களிடம் கேட்டு, எஞ்சின், கியர்பெட்டி, பிரேக், மின்சாரம் என்று பகுதி பகுதியாகப் பழுதுகளைத் தொகுக்கிறது. 1968இல் தொடங்கப்பட்ட ஜே.டி. பவர், மூன்று ஆண்டு பழகிய கார்களின் முதல் உரிமையாளர்களைக் கேட்டு நூறு வண்டிக்கு எத்தனை முறைப்பாடு என்று கணக்கிடுகிறது. ஜேர்மனியின் ஏ.டி.ஏ.சி. மோட்டார் சங்கம், பாதையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப் போன அழைப்புகளை எண்ணுகிறது. அதே நாட்டின் டியூவ் நிறுவனங்கள், கட்டாயப் பரிசோதனைக்கு வரும் கார்களில் கண்ட குறைகளை வயது வாரியாக வெளியிடுகின்றன. பிரித்தானியாவில் இன்னும் ஒரு படி மேல்: மூன்று வயதைத் தாண்டிய கார் வருடம் தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். எதில் சறுக்கியது, மீட்டரில் எவ்வளவு இருந்தது என்பதை இலக்கத் தகட்டின் எண்ணைக் கொடுத்து எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இவை ஒன்றையொன்று ஒத்த அளவீடுகள் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு நட்சத்திரப் பட்டியலை நம்பி வண்டி வாங்கக் கூடாது. நூறு வண்டிக்கு இத்தனை முறைப்பாடு என்ற எண்ணில், புளூடூத் இணையவில்லை என்பதும் ஒன்று, கியர்பெட்டி உடைந்தது என்பதும் ஒன்று. கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் தன் கணக்கில் பெரிய பழுதுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. ஆனால் அது கேட்பது தன் உறுப்பினர்களை மட்டும். புதிதாக வந்த மொடலுக்கு அது சொல்வது, அதே மொடலும் அதே கம்பனியும் முன்பு நடந்துகொண்ட விதத்தை வைத்துச் செய்யும் ஊகம். உதவி அழைப்பை எண்ணும் ஏ.டி.ஏ.சி. கணக்கில், கம்பனியே தனி உதவிச் சேவை நடத்தும் கார்கள் குறைவாகத் தெரியலாம், ஏனென்றால் அந்த அழைப்புகள் வேறு இடத்துக்குப் போகின்றன. டியூவ் பட்டியலின் உச்சியில் நிற்கும் கார் நன்றாகச் செய்யப்பட்ட காராக இருக்கலாம். பணக்காரர் வாங்கி, குறைவாக ஓட்டி, தவறாமல் சேர்விஸ் செய்த காராகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நிற்பவர்கள் நாம். சாக்குக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், ஈரத்துக்கு எத்தனை கழித்தார்கள், முள்ளைப் பார்த்து வாசித்தது யார், புத்தகத்தில் எழுதியது யார் என்று தெரியாமல் கடைசி எண்ணை மட்டும் ஏற்கச் சொன்னால் நாம் ஏற்பதில்லை. அதே கேள்விகளை வண்டித் தர மதிப்பீட்டிடமும் கேட்கிறோம். எத்தனை வண்டி? எந்தப் பாதை? யாரைக் கேட்டீர்கள்? எதைக் கழித்தீர்கள்? யார் காசு கொடுத்தார்?

கடைசிக் கேள்வி வீண் சந்தேகம் அல்ல. முதலிடம் பெற்ற கம்பனி அந்த விருதை விளம்பரத்தில் போட விரும்பினால், மதிப்பிட்ட நிறுவனத்துக்கே உரிமக் கட்டணம் கட்டும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கட்டணம் வாங்குபவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. முடிவால் இலாபம் பெறுகிறவரிடம் பணம் வாங்கும் கணக்கைக் கூடுதல் கவனத்தோடு வாசிக்க வேண்டும் என்கிறோம். இலாபம் நேரடியாகத் தெரியாத இடத்திலும் எண்கள் வளைந்திருக்கின்றன. 2014 ஜனவரியில் ஏ.டி.ஏ.சி. சங்கம் ஜேர்மானியருக்குப் பிடித்த கார் என்று ஒரு காருக்கு விருது கொடுத்தது. அதற்கு 34,299 வாக்குகள் விழுந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் விழுந்தவை 3,409 என்று பிறகு வெளிவந்தது. அதை முன்னின்று நடத்திய அதிகாரி விலகினார், அடுத்த மாதம் சங்கத்தின் தலைவரும் விலகினார். அது பழுதுக் கணக்கு இல்லை, வாசகர் வாக்குத்தான். ஆனால் நாடே நம்பிய ஒரு சங்கத்தில், மூல எண்களை வெளியார் எவரும் பார்க்க முடியாமல் இருந்ததால் அது நடந்தது. ஜப்பானில் 2023 டிசம்பரில் டைஹட்சு கம்பனி 64 மொடல்களின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டு, வண்டி அனுப்புவதையே நிறுத்தியது. அவற்றில் வேறு கம்பனிகளின் பெயரில் விற்ற மொடல்களும் இருந்தன. மிகப் பழைய முறைகேடு 1989ஆம் ஆண்டினது. ஜப்பான் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நம்பி வளர்ந்த எங்களுக்கு இது சிறிய செய்தி அல்ல.

ஜப்பானில் நடந்த இன்னொன்றை நாங்கள் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இந்த இயக்கம் ஏன் வேண்டும் என்பது அதில் இருக்கிறது. மிட்சுபிஷி மோட்டார்ஸ் கம்பனி 1977 முதல் வாடிக்கையாளர் முறைப்பாடுகளை அரசாங்கத்துக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தது 2000ஆம் ஆண்டு வெளியே வந்தது. உள்ளிருந்து ஒருவர் தகவல் கொடுத்த பின்தான் அது பிடிபட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் சொன்னவை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. எழுதிய தாள்கள் பூட்டிக் கிடந்தன. 2002 ஜனவரியில் யோகஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த, அதே கம்பனி செய்த பார ஊர்தி ஒன்றின் சில்லு கழன்று பறந்தது. நடைபாதையில் இரண்டு பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்த தாய் அதில் அடிபட்டு இறந்தார். வண்டியை வைத்திருந்தவர் சரியாகப் பராமரிக்கவில்லை என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். 2004இல்தான், சில்லைத் தாங்கும் ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை ஒப்புக்கொண்டார்கள்.

பராமரிப்பு சரியில்லை, ஓட்டியவன் பிழை: இந்த இரண்டையும் எங்கள் சாரதிகள் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்! சில வேளை அது உண்மையாக இருக்கும். ஆனால் ஒரே மொடலில் ஒரே உறுப்பு வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு சாரதிகளிடம் உடைந்தால் அந்தப் பதில் நிற்காது. அதை நிரூபிக்க ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். தனித்தனியாக முறையிடும் ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று சொல்லி அனுப்பிவிடலாம். நூறு பேரின் பதிவு ஒரே புத்தகத்தில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இனி எங்கள் மலையைப் பற்றி. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. எல்லவிலிருந்து வெல்லவாய போகும் பாதை முப்பது கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. பத்துத் தொன் எடையுள்ள ஒரு பஸ் அந்த 800 மீற்றரை இறங்கும்போது விடுபடும் சக்தி 200 லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சாரதி சின்ன கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கும். கியரை விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனை சூடும் ட்ரம்மிலும் லைனரிலும் போய் இறங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் மிதித்தாலும் பிடிக்காது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு அந்தப் பாதையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதன் காரணத்தைத் தீர்மானிப்பது எங்கள் வேலை அல்ல. இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் சாரதியா, பாதையா, வண்டியா என்று நாடு கேட்கிறது. சாரதியைப் பற்றியும் பாதையைப் பற்றியும் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ரக வண்டியின் பிரேக் இந்த மலைகளில் இதுவரை எப்படி நடந்துகொண்டது என்று சொல்லும் ஒரு தாளைக்கூட மேசையில் வைக்க ஆள் இல்லை.

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் காரின் ஆயுளை வைத்து, கல் பாவிய தோட்டப் பாதையில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டியின் ஆயுளைச் சொல்ல முடியாது. இங்கே கிளச் தட்டும் ரேடியேட்டரும் சீக்கிரம் போகும். முன் சஸ்பென்ஷன் புஷ்கள் சீக்கிரம் தேயும். ஹைபிரிட் கார்கள் ஏற்றத்தில் பற்றரியைத் தீர்த்து, இறக்கத்தில் நிறைத்து, பிறகு நிறைக்க இடமில்லாமல் இறங்குகின்றன. அந்தப் பற்றரி இந்த மலையில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை ஜப்பானியச் சமவெளி ஓட்டுநர் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று: எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியல்களில் இல்லவே இல்லை. இலங்கையில் பதிவான ஆட்டோக்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். நாங்கள் மேலே சொன்ன தரப் பட்டியல்களில் ஒன்றிலும் ஆட்டோ இல்லை. நாம் பட்டா என்று கூப்பிடும் சின்ன லொறி இல்லை. பிள்ளைகளைச் சுமக்கும் டொல்பின் வேன் இருபது முப்பது வயதைக் கடந்தும் ஓடுகிறது. அந்த வயது வண்டிக்கு எந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது? கொழுந்து ஏற்றும் டிரக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பட்டியல் இல்லாத இடத்தில் நாமாக வைத்துக்கொண்ட மதிப்பீடுகள் இரண்டு உண்டு. அவற்றையும் நாங்கள் சோதிக்கிறோம். ஒன்று, மாக்கெட். மறுவிற்பனையில் விலை இறங்காத வண்டி நல்ல வண்டி என்று இந்த நாடு முழுவதும் நம்புகிறது. அந்த விலையில் பழுதும் கணக்காகிறது என்பது உண்மை. ஆனால் உதிரிப்பாகம் எளிதாகக் கிடைப்பதும், பெயரும், வரியும், தட்டுப்பாடும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த ஐந்து ஆண்டில் அந்த வண்டிகள் ஒன்றும் நல்லவையாக மாறவில்லை, கிழடாகத்தான் ஆயின. மேலும், விலை விழுந்துவிடும் என்ற பயத்தில் தன் வண்டியின் குறையை எந்த உரிமையாளரும் வெளியே சொல்வதில்லை. அவரிடம் வாங்குகிறவரும் பிறகு சொல்வதில்லை. இப்படி ஒரே பழுது கையிலிருந்து கைக்கு மாறி, கடைசியில் மிக ஏழையான குடும்பத்திடம் வந்து சேர்கிறது.

மற்றது ஏலத் தாள். ஜப்பான் ஏலத்தில் வண்டியைப் பார்த்த பரிசோதகர் நாலரை, நாலு, மூன்றரை என்று தரம் போடுகிறார். விபத்தில் பட்டுத் திருத்தியதென்றால் ஆர் என்று எழுதுகிறார். அந்தத் தாள் அன்றைக்கு அந்த வண்டியின் உடம்பு எப்படி இருந்தது என்று சொல்லும். நாளைக்கு அதன் கியர்பெட்டி என்ன ஆகும் என்று சொல்லாது. தாள் இருப்பது ஜப்பானிய மொழியில், வாங்குபவர் கையில் வருவது அதன் பிரதி. மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அப்படி இருக்க, குறைந்த மைலேஜ் என்ற சொல்லுக்கு மட்டும் எங்கள் மக்கள் இலட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

கராஜ் பாஸின் சொல்லை நாங்கள் இவை இரண்டுக்கும் மேலாக மதிக்கிறோம். இந்த இயக்கத்தின் முதுகெலும்பே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமான அந்தப் பாஸ்மார்தான். ஆனாலும் அவர்களோடு சேர்ந்தே ஒன்றைச் சொல்கிறோம்: கராஜில் இருந்து பார்த்தால் உடைந்த வண்டி மட்டும்தான் கண்ணில் படும். ஒரு கராஜுக்கு ஒரு வருடத்தில் ஒரு ரக வண்டி இருபதும் இன்னொரு ரகம் ஐந்தும் வந்தன என்று வையுங்கள். முதல் ரகம் மோசம் என்று ஊர் பேசும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதல் ரகம் நானூறும் இரண்டாவது ரகம் இருபதும் ஓடுகின்றன என்றால்? முதலாவதில் நூற்றுக்கு ஐந்து, இரண்டாவதில் நூற்றுக்கு இருபத்தைந்து. ஊர் பேச்சு தலைகீழாகிவிடுகிறது. உடையாமல் ஓடுகிற வண்டிகளை எண்ணாதவரை உடைந்தவற்றின் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. எங்கள் கொள்கையின் நடுப்புள்ளி இதுதான், மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன.

ஆகவே எங்கள் பதிவேட்டில் ஒரு வண்டி பழுதான பின் சேர முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர வேண்டும். சேர்ந்த பின் மாதம் ஒருமுறை, பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதிவு விழ வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்பதும் எங்களுக்குப் பதிவுதான். வண்டியின் ரகம், ஆண்டு, ஓடும் பாதை, ஏற்றும் சுமை, எத்தனை பேர் ஓட்டுகிறார்கள், போட்டது கம்பனிச் சாமானா கொப்பியா என்பவை எழுதப்படும். மீட்டர் எண்ணில் சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதப்படும். பழுதை மூன்றாகப் பிரிப்போம்: உயிருக்கு ஆபத்தானது, வண்டியை வழியில் நிறுத்தியது, தொல்லை மட்டும் கொடுத்தது. பிரேக், ஸ்டியரிங், சில்லு மூன்றும் எப்போதும் முதல் வகையில்தான். இந்த மூன்று வகைகளையும் கூட்டி ஒரு நட்சத்திரமாக்கும் வேலையை நாங்கள் செய்ய மாட்டோம். கதவுக் கைப்பிடி உடையாத வண்டி என்பதற்காக, பிரேக் போகும் வண்டிக்குப் புள்ளி கூடக் கூடாது.

முப்பது வண்டிக்குக் குறைவாகப் பதிந்த ரகத்துக்கு வீதம் வெளியிட மாட்டோம், நடந்தவற்றை மட்டும் அப்படியே எழுதுவோம். காரணம் இருக்கிறது. முப்பது வண்டியை ஒரு வருடம் பார்த்து ஒன்றுகூட நிற்கவில்லை என்றாலும், அந்த ரகத்தில் நூற்றுக்குப் பத்துவரை நின்றுபோகக்கூடியவை இருக்கலாம் என்பது புள்ளியியல் சொல்லும் எச்சரிக்கை. ஆறு வண்டியைப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது ஏமாற்று வேலை. இரண்டு ரகங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான் என்றால், முதலிடம் இரண்டாமிடம் என்று பிரிக்காமல் இரண்டும் சமம் என்றே அச்சிடுவோம்.

நாங்கள் புதிதாகத் தோண்ட வேண்டிய தகவல் குறைவு. பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் லொறிக்கும் டிரக்டருக்கும் ரனிங் சார்ட் இருக்கிறது. போக்குவரத்துச் சபையின் டிப்போக்களில் எந்த பஸ் எங்கே நின்றது என்ற பதிவு இருக்கிறது. எந்த ரக வண்டி எத்தனை ஓடுகிறது என்ற எண், அதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமான எண், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் வருமான அனுமதிப்பத்திரம் கொடுக்கும் மாகாண அலுவலகங்களிடமும் இருக்கிறது. இவற்றை ரக வாரியாகவும் மாவட்ட வாரியாகவும், தனியார் எவரின் பெயரும் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிடும்படி கேட்கிறோம். கொடுக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுவோம், மறுத்தால் மேன்முறையீடு செய்வோம். தோட்டக் கம்பனிகளிடமும் கேட்கிறோம்: 1992 முதல் இந்த மலைகளை நிர்வகிக்கும் உங்களுக்கு, உங்கள் லொறியின் பின்னால் ஏறிப் போகும் பெண்களுக்கு அந்த லொறியின் பழுதுக் கணக்கைக் காட்டும் கடமை உண்டு.

2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைக்கு எங்கள் வண்டிகள் வருடா வருடம் வரிசையில் நிற்கின்றன. அங்கே புகையைத்தான் அளக்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும், ஆனால் எந்த ரகம் எதில் சறுக்கியது என்று பொதுமக்கள் ஒருபோதும் பார்த்ததில்லை. பிரித்தானியா தன் பரிசோதனை முடிவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதைப் போல இந்த நாடும் திறக்க வேண்டும். மீட்டர் எண் வருடா வருடம் பொதுப் பதிவில் விழுந்தால் அதைப் பின்னோக்கிச் சுற்றுகிற தொழில் தானாகவே படுத்துவிடும். இறக்குமதியாளர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம்: ஒரு ரகத்தைத் திருப்பி அழைத்துத் திருத்த வேண்டும் என்று தாய்க் கம்பனி அறிவித்தால், அந்த அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இங்குள்ள உரிமையாளர் கைக்கு வர வேண்டும். மூன்று கை மாறிய வண்டியாக இருந்தாலும், ஓப்பன் பேப்பரில் வாங்கிய வண்டியாக இருந்தாலும் வர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, வாகன முறைப்பாடுகளை ரக வாரியாகத் தொகுத்து வெளியிடட்டும்.

எங்களுக்கு நாங்களே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடும் உண்டு, அது மற்றவர்களிடம் கேட்பதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். வாகனம் விற்பவர், உதிரிப்பாகம் விற்பவர், லீசிங் கம்பனி, காப்புறுதிக் கம்பனி, அரசியல் கட்சி: இவர்களிடம் ஒரு ரூபாவும் வாங்க மாட்டோம். உறுப்பினர் சந்தாவில் நடத்துவோம், வரவு செலவு ஒவ்வொரு மாதமும் வெளியே ஒட்டப்படும். எங்கள் பதிவேட்டில் நல்ல பெயர் எடுத்த வண்டியின் கம்பனிக்கு அந்தப் பெயரை விளம்பரத்தில் போட அனுமதியில்லை, காசு கொடுத்தாலும் இல்லை. இயக்கத்தில் பொறுப்பில் இருப்பவர் வண்டித் தரகு செய்யக் கூடாது. பதிவு செய்யும் பாஸ் தன் கராஜில் திருத்திய வண்டியைப் பற்றித் தானே இறுதி வகை பிரிக்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும்.

ஒரு கம்பனிக்கு எதிரான எண் வெளியாகும் முன் அதற்குப் பதில் சொல்ல நேரம் கொடுப்போம், சொல்லும் பதிலை முழுதாக அச்சிடுவோம். ஆனால் பதில் வரவில்லை என்பதற்காக எண்ணை நிறுத்த மாட்டோம். எங்கள் கணக்கில் பிழை கண்டால், பழைய எண்ணை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதிய எண்ணும் காரணமும் திகதியும் எழுதப்படும். உரிமையாளரின் பெயரும் இலக்கத் தகடும் எவருக்கும் கொடுக்கப்படாது. லீசிங்காரருக்கும் கொடுக்கப்படாது, பொலிசுக்கு நீதிமன்றக் கட்டளை இல்லாமல் கொடுக்கப்படாது. இந்த உறுதி இல்லாவிட்டால் தன் வண்டியின் குறையைச் சொல்ல யாரும் வர மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

பதிவேடு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். எழுத வராதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்வோம், எழுதியதை அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டிய பின்தான் கையெழுத்து. ஸ்கூல் வேனில் பிள்ளையை அனுப்பும் தாய்மாரும், கொழுந்து லொறியில் போகும் பெண்களும் பயணிகளாகப் பதிவு செய்யலாம். சத்தம் மாறியதை, இறக்கத்தில் கருகின வாசம் வந்ததை, கதவு தானாகத் திறந்ததை முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். உரிமையாளர் மட்டும் பேசும் கணக்கு அரைக் கணக்கு.

முதல் அறிக்கை அவசரமாக வராது. ஒக்டோபர் முதல் கொட்டும் மழையையும், ஊவாவின் வறண்ட காற்றுக் காலத்தையும் பார்த்து, பதிந்த வண்டிகள் ஒரு முழு ஆண்டைக் கடந்த பின்தான் எண்களை வெளியிடுவோம். அதுவரை எந்த வண்டி நல்லது என்று இயக்கத்தின் பெயரில் எவரும் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்தான ஒரே பழுது ஒரே ரகத்தில் இரண்டாம் முறை பதிவானால் மட்டும் அந்த வருடம் முடியக் காத்திருக்க மாட்டோம், அன்றே எழுதி ஸ்டாண்டுகளிலும் தோட்டப் பெரட்டுக் களங்களிலும் ஒட்டுவோம்.

பதிய வருபவர் வண்டியின் பதிவுப் புத்தகத்தின் பிரதி, இன்றைய மீட்டர் எண், கடைசியாகப் பிரேக் லைனர் மாற்றிய திகதி ஆகியவற்றோடு வர வேண்டும். திகதி ஞாபகம் இல்லாவிட்டால் ஞாபகம் இல்லை என்று எழுதிக்கொள்வோம். உடைந்து கிடக்கும் வண்டிகளைப் பற்றிச் சொல்ல ஏற்கெனவே பலர் வந்துவிட்டார்கள். எந்தக் குறையும் இல்லாமல் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைத்தான் நாங்கள் முதலில் தேடுகிறோம்.